முள்ளை முள்ளால் எடுப்போம்: மரக்கறையைத் தடுக்கும் பூசண வளர்ப்பு

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதுவது)

கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் ரப்பர் பயிரிடும் சிறு விவசாயிகள் பலர் உளர். ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் வரை வளர்ந்து, பால் குறைந்து ஓய்ந்த மரங்களை வெட்டி விற்றே அவர்கள் மறு நடவுக்கான செலவைத் தேடிக்கொள்ள வேண்டும். புதிய கன்று பால் தருவதற்கு மேலும் ஏழு ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டியிருப்பதால், அந்த இடைக்காலத்திற்கு மரத்தின் விலையே அக்குடும்பத்தின் கைம்முதல் ஆகும்.

வெட்டும்போது பால்போல் வெளுத்திருக்கும் இம்மரம், ஒரு வாரம் கழித்து அறுவை ஆலையில் பிளக்கப்படும்போது உள்ளே சாம்பலும் நீலமும் கருமையும் கலந்து கோடுகோடாய்க் காணப்படுவதுண்டு. நாற்காலிக்கும் மேசைக்கும் போகவேண்டிய பலகை பெட்டி மரமாகத் தாழ்ந்துவிடுகிறது. நின்ற மரத்திற்கே விலை பேசும் வியாபாரி, இந்த நட்டத்தை எதிர்பார்த்து முன்கூட்டியே ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு விலை சொல்வதில் வியப்பில்லை. ஆகவே கறையால் விளையும் இழப்பு, ஆலையில் தோன்றினாலும் தோட்டக்காரரின் மடியிலிருந்தே போகிறது. இக்கறை யாது, அதைத் தடுக்க விஞ்ஞானிகள் ஒரு பூசணத்தைக்கொண்டே மற்றொரு பூசணத்தை வெல்ல முயன்றது எவ்வாறு, அம்முயற்சியிலிருந்து நாம் கற்கவேண்டியது யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கறை என்பது யாது?

மரத்தின் நடுவே வைரம் பாய்ந்த பகுதி ஒன்றும், அதைச் சூழ்ந்து வெளுத்த பகுதி ஒன்றும் இருப்பதைத் தச்சர்கள் அறிவர். மரம் உயிரோடிருக்கும்போது நீரைக் கொண்டுசெல்வதும், மாச்சத்தையும் சர்க்கரையையும் சேர்த்து வைப்பதும் இந்த வெள்ளைப் பகுதியே. கறைப் பூசணம் நாடி வருவது அந்த உணவைத்தான். தேக்கிலும் வேங்கையிலும் வைரப் பகுதிக்குக் கறை ஏறுவதில்லை. ரப்பர் மரத்திலோ வைரம் என்று பிரித்துக் கூறத்தக்க பகுதி இல்லை; மரம் முழுவதும் வெள்ளையே; மாச்சத்தும் மிகுதி. இலவு, மா, தீக்குச்சிக்கு உதவும் பெருமரம் ஆகியவையும் எளிதில் கறைபடும் இனத்தைச் சேர்ந்தவையே.

வெப்ப நாடுகளில் இக்கேட்டை மிகுதியாகச் செய்வது லாசியோடிப்ளோடியா தியோபுரோமே என்னும் பூசணம். இது நமக்குப் புதிய பகைவன் அன்று. பறித்த மாங்காய் காம்படியில் கறுத்து அழுகுவதும், தென்னையோலை நுனியிலிருந்து கருகுவதும் இப்பூசணத்தாலேயே நேர்கின்றன. மரத்தினுள் இதன் நூலிழைகள் மெலனின் என்னும் கரிய நிறப்பொருளை உடையவை. அவ்விழைகள் மரத்தின் நுண்ணறைகளில் நிறைந்து நிற்பதே நமக்குக் கறையாகத் தெரிகிறது. சாயத்தைப்போல் மேலே ஒட்டிய நிறம் இல்லை என்பதால், அதனை இழைப்புளியால் சீவியும் வெளுப்பு மருந்து பூசியும் போக்குவது கடினம்.

கறைக்கும் மக்கலுக்கும் உள்ள வேறுபாட்டையும் உணர்தல் வேண்டும். மக்கல் உண்டாக்கும் பூசணம் மரத்தின் சுவரையே தின்றுவிடும். கறைப் பூசணம் பெரும்பாலும் சேமிப்பு உணவை மட்டும் உண்பதால், கறைபட்ட மரம் சுமை தாங்கும் வலிமையை அதிகம் இழப்பதில்லை. எனினும் திடீரென விழும் அடியைத் தாங்கும் தன்மை குறையலாம். நீரையும் முன்னினும் எளிதாக உறிஞ்சும். மேலும், கறை ஏற இடங்கொடுத்த ஈரமும் தாமதமும் மக்கலுக்கும் துளைப்பூச்சிக்கும் வழிதிறப்பவை.

முந்திக்கொண்டவருக்கே இடம்

உயிருள்ள மரத்தைப் பட்டை காக்கிறது. வெட்டிய கணமே இரு முனைகளும் திறந்த வாசல்கள் ஆகிவிடுகின்றன. காற்றிலும் மழைத்துளியிலும் வண்டுகளின் உடலிலும் வரும் பூசண வித்துகள் அங்கே விழுகின்றன. நம் நாட்டு வெப்பத்தில் லாசியோடிப்ளோடியா மிக விரைந்து வளர்வது. ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு சிறு வட்டிலை அது இரண்டு மூன்று நாட்களில் நிறைத்துவிடும். இரு பருவமழைகளையும் பெறும் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதற்கு ஈரமும் குறைவில்லை.

மரத்தின் ஈரம் 20 சதவீதத்திற்குக் கீழே இறங்கிவிட்டால் கறைப் பூசணம் வளர முடியாது. அதற்கு மாறாக, மரம் நீரில் முற்றிலும் அமிழ்ந்திருந்தாலும் அது வளராது. ஏனெனில் பூசணத்துக்குக் காற்று வேண்டும். நீரும் காற்றும் ஒருங்கே கிடைக்கும் நடுநிலையே ஆபத்தானது. வெட்டி, பட்டையோடு தோட்டத்தில் போட்டு, லாரிக்காகக் காத்திருக்கும் தடி இந்த நடுநிலையிலேயே கிடக்கிறது. முதலில் குடியேறியவர் வீட்டைப் பிடித்துக்கொள்வதுபோல, முதலில் வந்த பூசணம் உணவனைத்தையும் கைக்கொள்கிறது. கறையைத் தடுக்கும் எல்லா முறைகளுக்கும் இதுவே அடிப்படை.

நஞ்சின் வழி

நெடுங்காலம் உலகெங்கும் அறுத்த பலகையைச் சோடியம் பென்டாகுளோரோஃபீனேட் என்னும் கரைசலில் முக்கி எடுப்பது வழக்கமாயிருந்தது. அது கறையைத் தடுத்தது. ஆனால் அதைக் கையாண்ட தொழிலாளியின் தோலையும் நுரையீரலையும் ஈரலையும் தாக்கியது. மண்ணிலும் நீரிலும் எளிதில் அழியாமல் தங்கியது. 1960களில் மேனாட்டுக் கோழிப் பண்ணைகளில் முட்டையும் இறைச்சியும் பூஞ்சை வாடை வீசுவதாகக் குறை எழுந்தது. ஆராய்ந்தபோது, குளோரோஃபீனால் மருந்து ஏறிய மரச்சீவல்களைக் கோழிகளுக்குப் படுக்கையாக இட்டதும், அம்மருந்தைப் பூசணங்கள் வேறொரு நாற்றப் பொருளாக மாற்றியதும் காரணம் எனத் தெரிந்தது. மரத்திற்கு இட்ட நஞ்சு உணவுத் தட்டுக்கு வந்து சேர்ந்த கதை இது.

பென்டாகுளோரோஃபீனால் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட பட்டியலில் உள்ளது. 2015ஆம் ஆண்டில் அது தன் உப்புகளோடு சேர்த்து, உலக நாடுகள் கைவிடவேண்டிய நஞ்சுகளின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. இன்று ரப்பர் பலகைக்குப் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை அழுத்தக் கலத்தில் ஏற்றி, பின் சூளையில் உலர்த்துகின்றனர். இது துளைப்பூச்சிக்கும் மக்கலுக்கும் நல்ல காப்பு. ஆனால் மரம் ஆலைக்கு வந்து சேருமுன்னே ஏறிவிட்ட கறையை இது போக்காது.

பூசணத்திற்குப் பூசணமே பகை

முள்ளை முள்ளால் எடுக்கவேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அவ்வழியில் முதன்முதல் பெரும் வெற்றி கண்டவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் ரிஷ்பெத். பைன் காடுகளில் மரம் வெட்டிய அடிக்கட்டைகளின் வழியாக ஓர் அழுகல் நோய் புகுந்து, வேர்வழியே அண்டை மரங்களையும் கொன்றுவந்தது. மரத்திற்குத் தீங்கு செய்யாத ஃபிளெபியோப்சிஸ் ஜைகான்டியா என்னும் பூசணத்தின் வித்துகளை, வெட்டிய உடனே அடிக்கட்டையின் மேல் தடவினால், நோய்ப் பூசணத்திற்கு இடமின்றிப் போவதை அவர் காட்டினார். இம்முறையை 1963இல் அவர் வெளியிட்டார். இன்றும் ஐரோப்பியக் காடுகளில் அது நடைமுறையில் உள்ளது.

அழுகலுக்குப் பயன்பட்ட இக்கருத்தைக் கறைக்கும் பயன்படுத்தலாமா என்ற கேள்வி 1990களில் எழுந்தது. அமெரிக்காவில் ராபர்ட் பிளாஞ்செட், ராபர்ட்டா ஃபாரல் முதலியோர் இதில் ஈடுபட்டனர். பைன் மரத்தைக் கறைப்படுத்தும் இனத்தைச் சேர்ந்த ஒஃபியோஸ்டோமா பிலிஃபெரம் என்னும் பூசணத்திலிருந்து, நிறப்பொருளே இல்லாத வெண்ணிற வகை ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. காகித ஆலைகளில் மரச்சில்லுகளின் பிசினைக் குறைப்பதற்காகக் கார்ட்டாபிப் என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அதையே புதிதாக வெட்டிய மரத்தில் தெளித்தபோது, அது மரத்திலுள்ள உணவைத் தானே உண்டு, கரிய உறவினருக்கு இடங்கொடாமல் தடுத்தது. நிறமற்றதாகையால் மரமும் வெளுப்பாகவே இருந்தது. ஃபாரல் பின்னர் நியூசிலாந்தின் வைக்காட்டோ பல்கலைக்கழகத்திற்குச் சென்று, அங்குள்ள பைன் மரங்களிலும் இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார். நம் அண்டையில், திருச்சூர் மாவட்டம் பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையம் ரப்பர் மரக்கறையைப் பற்றியும் அதை உயிரியல் முறையில் தடுப்பதைப் பற்றியும் ஆராய்ந்துள்ளது.

நம் விவசாயிகள் நன்கறிந்த டிரைக்கோடெர்மா விரிடியும் இவ்வகையில் ஆராயப்பட்ட ஒன்றே. அது பகைப் பூசணத்தின் இழையைச் சுற்றிப் பின்னி, அதன் சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து அழிக்கிறது. உணவுக்கும் இடத்திற்கும் போட்டியிடுகிறது. நிலக்கடலைக்கும் பயறு வகைகளுக்கும் கிலோவுக்கு 4 கிராம் வீதம் விதைநேர்த்தி செய்வது இப்பண்பை நம்பியே. ஆனால் மரத்தைப் பொறுத்தவரை அதில் ஒரு குறை உண்டு: அதன் வித்துகள் பச்சை நிறம் உடையவை. கருங்கறையைத் தடுத்துவிட்டுப் பச்சைக் கறையைத் தந்தால் பலகை வாங்குவோர் ஏற்கமாட்டார். நிறமற்ற வகையைத் தேடுவதன் தேவை இதனால் விளங்கும்.

வளர்ப்பு முறை

எந்தப் பூசணமாயினும், அதைப் பயன்படுத்துமுன் கலப்பற்றதாக வளர்க்கவேண்டும். காளான் விதை தயாரிக்கும் சுய உதவிக் குழுவினர் இவ்வேலையின் பெரும்பகுதியை ஏற்கெனவே அறிவர். அதன் படிகள் வருமாறு:

1. ஊட்டக் கூழ்: 200 கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்து வடித்த சாற்றில் 20 கிராம் குளுக்கோசும் 20 கிராம் அகரும் கலந்து, நீர் சேர்த்து ஒரு லிட்டராக்குவர். அகர் என்பது கூழை உறையச் செய்யும் பொருள். மன்னார் வளைகுடாக் கரையில் மீனவப் பெண்கள் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி ஆகியவற்றிலிருந்து கிடைப்பதே அது.

2. நுண்ணுயிர் நீக்கம்: கூழை அழுத்தக் கலத்தில் சதுர அங்குலத்திற்கு 15 பவுண்டு அழுத்தத்தில், 121 டிகிரி வெப்பத்தில் 20 நிமிடம் வைக்கவேண்டும். சாதாரணமாகக் கொதிக்கவைத்தால் போதாதா என்று கேட்கலாம். கொதிநீரின் 100 டிகிரியைத் தாங்கி உயிர்வாழும் நுண்ணுயிர் வித்துகள் உண்டு. அவை ஆறியபின் முளைத்து வளர்ப்பைக் கெடுத்துவிடும்.

3. தாய் வளர்ப்பு: ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பெற்ற தூய பூசணத்தின் சிறு துணுக்கை, தீயில் காட்டிய ஊசியால், காற்றோட்டமற்ற தூய அறையில், சுடர் அருகே வைத்துக் கூழில் இடவேண்டும். பேச்சும் தும்மலும்கூட அங்கே ஆகா.

4. பெருக்கல்: அரைவேக்காடாக அவித்து நீர் வடித்த சோளத்தைப் பைகளில் நிரப்பி, மீண்டும் அழுத்தக் கலத்தில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வைத்து ஆறவிட்டு, தாய் வளர்ப்பைச் சேர்ப்பது ஒரு முறை. 30 கிராம் கரும்பாலைக் கழிவுப்பாகும் 5 கிராம் ஈஸ்டும் கலந்த ஒரு லிட்டர் நீரைத் தூய்மையாக்கி அதில் வளர்ப்பது மற்றொரு முறை. டிரைக்கோடெர்மா இவ்வாறு சுமார் 10 நாட்களில் முற்றும்.

5. சோதனை: பை முழுதும் ஒரே நிறமாய், ஒரே சீராய் இருத்தல் வேண்டும். வேறு நிறத் திட்டுகளோ, புளித்த நாற்றமோ, வழவழப்போ காணின் கலப்படம் நேர்ந்துவிட்டது என்று பொருள். அத்தகைய பையை மீண்டும் அழுத்தக் கலத்தில் வேகவைத்த பிறகே குழியில் கொட்டவேண்டும். உள்ளதைக்கொண்டு ஒப்பேற்றுவோம் என்ற எண்ணம் இதில் கூடாது.

6. பயன்படுத்தல்: முற்றிய வளர்ப்பைத் தூய நீரில் கலக்கி, மெல்லிய துணியில் வடித்தால் வித்துநீர் கிடைக்கும். வெட்டிய முனைகளிலும் பட்டை உரிந்த இடங்களிலும் இதை வெட்டிய அன்றே தெளிப்பதே முறை. நாள் கடந்து தெளித்தால் கரும்பூசணம் முன்னரே குடியேறியிருக்கும்; பின்வந்தவரால் அதை வெளியேற்ற முடியாது.

எச்சரிக்கைகள்

இம்முறை எங்கும் எப்போதும் ஒரே பயனைத் தருவது அன்று. ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு பகைவனே உண்டு. வெளியிலோ பலவகைப் பூசணங்கள் ஒருங்கே வருகின்றன. கரிய நிறப்பொருள் பூசணத்தை வெயிலிலிருந்து காப்பதும் ஆகும். அதை இழந்த வெண்ணிற வகைக்கு அக்காப்பு குறைவு. பட்டைக்கடியில் துளையிடும் வண்டு கறைப் பூசணத்தைத் தெளித்த பகுதிக்கும் அப்பால் கொண்டு சேர்த்துவிடும். துளைப்பூச்சியை இம்முறை தடுப்பதும் இல்லை.

லாசியோடிப்ளோடியாவின் நிறமற்ற வகையைப் பயன்படுத்தலாமே என்று ஒருவர் எண்ணலாம். மாவையும் தென்னையையும் தாக்கும் இனத்தைச் சேர்ந்த ஒன்று, நிறம் இழந்ததால் மட்டும் குணம் மாறிவிட்டதென்று கொள்ள இயலாது. அதை முறைப்படி ஆராய்ந்து தீங்கற்றதெனத் தெளியாமல் தோட்டத்தில் விடுதல் தகாது. அயல்நாட்டுப் பூசணத்தை அரசின் அனுமதியின்றித் தருவிப்பதும் கூடாது. உயிரியல் மருந்துகளும் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்திற்கு உட்பட்டவையே. ஆகவே ஒரு குழு தன் பயிற்சிக்காக வளர்ப்பது வேறு. பதிவும் உரிமமும் இன்றிப் பொட்டலமிட்டு விற்பது வேறு. வாங்குவோரும் பதிவு எண், தயாரித்த நாள், காலாவதி நாள் ஆகியவற்றைப் பார்த்தே வாங்கவேண்டும். டிரைக்கோடெர்மாவில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 20 லட்சம் உயிருள்ள வித்தலகுகள் இருத்தல் வேண்டும் என்பது விதி. வெயிலில் காய்ந்த பொட்டலத்தில் பெயர் இருக்கும், உயிர் இராது.

மற்றொன்றையும் காளான் வளர்ப்போர் நினைவில் கொள்க. டிரைக்கோடெர்மா சிப்பிக்காளான் படுக்கைக்குக் கொடிய பகை; பச்சைப் பூசணமாய்ப் பரவி விளைச்சலை அழித்துவிடும். இவ்விரண்டையும் ஒரே கொட்டகையில் வளர்ப்பது, ஆட்டையும் ஓநாயையும் ஒரே பட்டியில் அடைப்பதற்கு ஒப்பாகும்.

விவசாயிகள் இன்றே செய்யக்கூடியவை

வளர்ப்பும் வித்துநீரும் ஆராய்ச்சி நிலையத்தார் துணையோடு நடைபெறவேண்டியவை. ஆனால் அவை கற்பிக்கும் பாடத்தை, அதாவது பகைவனை முந்திக்கொள்ள வேண்டும் என்பதை, ஒரு காசும் செலவின்றி இன்றே கைக்கொள்ளலாம்.

முதலாவது, வண்டியும் ஆலையும் ஏற்பாடாகாமல் மரத்தில் கோடரி வைக்கலாகாது. ஒரே நாளில் தோட்டம் முழுவதையும் வெட்டிச் சாய்ப்பதைவிட, ஆலை அன்றாடம் ஏற்கும் அளவுக்கு வெட்டுவதே இலாபம். இயன்றவரை மழை ஓய்ந்த காலத்தில் வெட்டவேண்டும்.

இரண்டாவது, வெட்டிய தடி அன்றோ மறுநாளோ ஆலைக்குச் சேரவேண்டும். சேர்க்க இயலாதபோது பட்டையைக் காயப்படுத்தாமல் நிழலில், தரையில் படாதவாறு கட்டைகளின் மேல் வைக்கவேண்டும். நீர்நிலை இருப்பின், உரியவர் அனுமதியோடு முற்றிலும் அமிழ்த்தி வைக்கலாம். பாதி நீரிலும் பாதி காற்றிலுமாக மிதக்கவிடுதல் கறையை வருந்தி அழைப்பதாகும். குடிநீர் எடுக்கும் குளத்தில் இதைச் செய்தல் கூடாது.

மூன்றாவது, அறுத்த பலகையைத் தாமதமின்றிப் போராக்ஸ் கரைசல் ஏற்றி உலர்த்தவேண்டும். பலகைக்குப் பலகை குறுக்குச் சட்டம் வைத்துக் காற்றோட்டமாக அடுக்குக. மழைக்காலத்தில் நிழலுலர்த்தலை மட்டும் நம்பியிராமல் சூளை வசதியுள்ள ஆலையை நாடுதல் நலம்.

ஊராட்சிகள் செய்யக்கூடியவை

ஒரு சோதனையை ஊர் முன்னிலையில் செய்து காட்டலாம். ஒரே மரத்திலிருந்து ஒத்த அளவுள்ள மூன்று துண்டுகளை எடுத்துக்கொள்க. ஒன்றை அன்றே பலகையாக்கி உலர்த்துக. மற்றொன்றை நீரில் முற்றிலும் அமிழ்த்துக. மூன்றாவதைப் பட்டையோடு தோட்டத்தில் போடுக. இரண்டு வாரம் கழித்து மூன்றையும் எல்லோர் முன்பும் பிளந்து பார்க்கவேண்டும். மேற்பரப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது; கறை உள்ளேதான் ஒளிந்திருக்கும். தாமதத்தின் விலையை நூறு சொற்பொழிவுகளைவிட இம்மூன்று துண்டுகள் நன்கு உணர்த்தும்.

அடுத்து, சிறு தோட்டக்காரர்களை ஒன்றுசேர்த்து வெட்டுநாட்களை முறை வைத்துக்கொள்ள ஊராட்சி உதவலாம். தனித்து ஐந்து மரம் வெட்டுபவருக்கு லாரி காத்திராது; பத்துப் பேர் கூடினால் லாரி வாசலுக்கு வரும். தோட்டத்திலிருந்து சாலைவரை வண்டி செல்லும் பாதையைச் செப்பனிடுவதும் கறைத் தடுப்பு வேலையே என்பதை உறுப்பினர்கள் உணரவேண்டும். பூசண வளர்ப்பில் ஆர்வமுள்ள குழுவினரைத் திருப்பதிசாரத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தோடு தொடர்புபடுத்திப் பயிற்சிக்கு வழிசெய்வதும் ஊராட்சியால் இயலும்.

நஞ்சை விட்டு உயிரைத் துணைக்கழைக்கும் முறை உயர்ந்தது. ஆனால் உயிர் உரிய காலத்தில் உரிய இடத்தில் சேர்ந்தாலன்றிப் பயன் தராது. மருந்து எதுவாயினும் வெட்டிய முதல் இரண்டு நாட்களே மரத்தின் தரத்தை முடிவு செய்கின்றன. முப்பது ஆண்டு வளர்த்த மரத்தின் மதிப்பை அவ்விரண்டு நாட்களில் இழந்துவிடாமல் காப்பது விவசாயியின் கையிலும், அவருக்குப் பாதையும் துணையும் தரும் ஊராட்சியின் கையிலும் இருக்கிறது.